பந்தும் பந்தாடியவளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ‘பெண்ணும் விளையாட்டும்’ என்னும் பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பற்றிப் பேச உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை அழைத்திருக்கலாமே, தமிழ் கற்பிக்கிறவளை ஏன் அழைக்கிறீர்கள் என்று செயலாளரிடம் கேட்டேன். “இலக்கியத்தில் இல்லாத விளையாட்டா அம்மா?” என்றார். உண்மைதான், நிரம்ப இருக்கிறது. ஆனால் இருக்கிற விதம் என்னைப் பல நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த உறுத்தலைத்தான் இவ்வவையின் முன் வைக்க வந்திருக்கிறேன்.

நாம் அமர்ந்திருக்கும் கிளியனூர் பழைய ஓய்மானாட்டைச் சேர்ந்த மண். நல்லியக்கோடன் ஆண்ட கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. அவனைப் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் ஒரு விளையாட்டுக் காட்சி உண்டு. உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டு, உமணப் பெண்கள் பெற்ற புதல்வரோடு கிலுகிலி ஆடுகிறது. இக்காட்சி நம் கடற்கரையில் நடப்பதன்று. கொற்கையைச் சொல்லும் இடத்தில் வருவது. எனினும் பாடியவர் நம்மவர். வகுப்பில் இதைச் சொன்னபோது மாணவி ஒருத்தி எழுந்து, “புதல்வர் ஆடினார்கள், மந்தியும் ஆடியது, புதல்வியர் எங்கே அம்மா?” என்று கேட்டாள். மந்தி என்பது பெண்குரங்கு. பெண்பாலுக்கு அங்கே அவ்வளவு இடம் கிடைத்தது என்று சொல்லிச் சிரித்துவிட்டு மேலே போனோம்.

நத்தத்தனாரைக் குறை சொல்வதற்கில்லை. சங்கப் பாடல்களை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் பெண்கள் ஆடிய ஆட்டங்கள் ஏராளம். கடற்கரை மணலில் வண்டல் இழைத்தார்கள், நண்டை விரட்டினார்கள், பாவை வைத்து ஓரை ஆடினார்கள், கழற்சிக்காய் கொண்டு முற்றத்தில் கழங்கு ஆடினார்கள், நூலால் வரிந்த பந்தை அடித்தார்கள், புதுப்புனலில் நீந்தினார்கள், மரக்கிளையில் ஊசல் கட்டினார்கள். தினைப்புனத்தில் தட்டையும் குளிரும் கொண்டு கிளி ஓட்டியது வேலைதான். ஆனால் ஆயத்தோடு கூடியிருந்த பெண்ணுக்கு அதுவும் பாதி விளையாட்டு. கிளியின் பெயரைத் தாங்கிய ஊரில் நின்று இதைச் சொல்லாமல் விடலாமா?

ஆனால் இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. தினை முற்றினால் காவல் முடிந்தது; பெண் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். உடலில் பருவத்தின் குறி தெரிந்தால் ஆயமும் மணலும் புனலும் முடிந்தன. இதற்கு நம் இலக்கணம் தந்த பெயர் இற்செறிப்பு. எத்தனை அழகான சொல்! இருபது ஆண்டுகளாக இதை நான் வகுப்பில் நடத்துகிறேன். தேர்வில் கேள்வியாகக் கேட்கிறேன். களவொழுக்கத்தின் ஒரு துறை என்று மாணவியர் எழுதுகிறார்கள், மதிப்பெண் போடுகிறேன். எழுதுகிறவர்களில் சரிபாதிப் பேர் இற்செறிக்கப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்டவர்கள் என்பதை அந்த விடைத்தாள் சொல்வதில்லை.

இந்தத் துறைக்குள்ளேயே ஒரு குரல் இருக்கிறது. நற்றிணையின் 68ஆம் பாட்டு. பாடியவர் பிரான் சாத்தனார். தோழி பேசுகிறாள். விளையாட்டுத் தோழியரோடு ஓரை ஆடவிடாமல் இளம்பெண்களை வீட்டுக்குள் அடைத்து வைப்பது அறமும் ஆகாது, அவ்வீட்டின் செல்வமும் தேய்ந்துபோகும் என்று அன்னையிடம் பணிவாக எடுத்துச் சொல்ல யாராவது கிடைத்தால், நுரையும் மலரும் சுமந்து வரும் புதுவெள்ளத்தில் நெஞ்சு நிறைய ஆடலாமே என்கிறாள். அடுத்த நொடியே அவளுக்கு ஐயம் வந்துவிடுகிறது. சொன்னாலும் அன்னை ‘போய் வா’ என்று விடுவாளா?

உரையாசிரியர்கள் இதற்கு வேறு நோக்கம் சொல்வார்கள். தலைவன் வேலிப்புறத்தில் மறைந்து நின்று கேட்கிறான். அவன் காதில் விழ வேண்டும், திருமணத்துக்கு விரைய வேண்டும் என்பதற்காகத் தோழி இப்படிப் பேசுகிறாள் என்பார்கள். நான் மறுக்கவில்லை. துறை அதுதான். ஆயினும் அவள் எடுத்துக்கொண்ட வாதத்தைப் பாருங்கள். காதலை இழுக்கவில்லை. ‘அறம்’ என்கிறாள், ‘ஆக்கம்’ என்கிறாள். பெண்ணை விளையாடவிடாமல் தடுப்பது அநீதி. அதனால் குடும்பத்துக்கே இழப்பு. இன்று விளையாட்டில் பாலினச் சமத்துவம் என்று மாநாடு கூட்டிப் பேசுகிறார்களே, அவர்கள் சொல்வதில் இந்த இரண்டுக்கும் மேலாக மூன்றாவதாக ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு தோழி சொல்லி முடித்துவிட்டாள். கேட்கத்தான் ஆளில்லை.

ஒவ்வோர் ஆண்டும் முதலாமாண்டு வகுப்பில் ஒரு வினா கேட்பது என் வழக்கம். பள்ளியில் ஓடியவர்கள், தாண்டியவர்கள், சடுகுடு ஆடியவர்கள் கை தூக்குங்கள் என்பேன். பாதிக்கு மேல் கைகள் உயரும். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகும் ஆடியவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள் என்பேன். கைகள் இறங்கும். இரண்டோ மூன்றோ நிற்கும். காரணம் கேட்டால் பெரும்பாலும் பதிலே வராது. ஒரு சிரிப்பு வரும். ‘வயசுக்கு வந்துட்டா’ என்ற இரண்டு சொற்களுக்கு நம் ஊர்களில் விளக்கவுரை தேவையில்லை.

அதற்கு மேல் தோண்டினால் வருகிற காரணங்கள் மிகச் சிறியவை போலத் தெரியும். பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் பயிற்சி என்றால் ஊருக்குப் போகும் பேருந்து போய்விடும். மைதானத்தில் உடை மாற்ற மறைவிடம் கிடையாது. மாதத்தில் சில நாள்களுக்கு வேண்டிய வசதி அறவே கிடையாது. ஆண் ஆசிரியரோடு வெளியூர்ப் போட்டிக்கு அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. அரைக்கால் சட்டையில் மகள் ஓடுவதைப் பார்த்த சித்தப்பா வீட்டில் சண்டை போட்டார். கறுத்துவிடுவாள், பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள். இவற்றில் ஒன்றுகூட ஒரு பெண்ணின் காலை ஒடிக்கும் காரணமில்லை. எல்லாம் சேர்ந்தால் ஒடித்துவிடுகின்றன.

நான் படித்த பள்ளியின் பெயர் வேண்டாம். 1990களில் அங்கே விளையாட்டுப் பாடவேளை என்றால் மைதானம் பையன்களுக்கு. எங்களுக்கு வேப்பமர நிழலும் ஒரு வளையப்பந்தும். நாற்பது பேருக்கு ஒரு வளையம்! அது கிணற்றில் விழுந்த பிறகு பூத்தையல் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் அதை அநியாயம் என்று நினைக்கவில்லை, நாங்களும் நினைக்கவில்லை.

பாரதியின் பாப்பா பாட்டு குழந்தையை ஓடச் சொல்லித்தான் தொடங்குகிறது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று பொழுதைப் பகுத்தவர், மாலைப் பொழுதை முழுதாக விளையாட்டுக்கு எழுதிவைத்தார். பாப்பா ஆணா பெண்ணா என்று பிரிக்கவில்லை. அந்த மாலை நம் ஊரில் யார் கையில் இருக்கிறது என்று இங்கிருந்து வீடு திரும்பும்போது கவனியுங்கள். புதுவை நெடுஞ்சாலைக்கு இருபுறமும் உள்ள ஊர்களில், அறுவடை முடிந்த கழனியில் மட்டைப்பந்து நடக்கும். ஆடுவோர் பையன்கள். அதே பொழுதில் அவர்களுடைய அக்காளும் தங்கையும் குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள்; அல்லது மாட்டுக்குத் தவிடு கரைப்பார்கள்; அல்லது இடுப்பில் ஒரு குழந்தையைச் சுமந்து மட்டைப்பந்தை வேடிக்கை பார்ப்பார்கள். சமத்துவம் என்று பெரிய சொல்லெல்லாம் சொல்கிறோம். அந்த ஒன்றரை மணி நேர மாலையைப் பங்கு பிரிப்பதில்தான் அது முதலில் சிக்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன், பாட்டுத் தொழிலுக்கு.

பிள்ளைத்தமிழில் முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிவினை. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல்; சிலர் கழங்குக்கு ஈடாக நீராடலை வைப்பார்கள். குமரகுருபரர் இரண்டு வகையும் பாடியவர். மீனாட்சிக்கு ஒன்று, முத்துக்குமாரனுக்கு ஒன்று. இந்தப் பட்டியலைச் சற்று நின்று பாருங்கள். தேர் உருண்டு தெருவைக் கடக்கும். பறை ஊருக்குக் கேட்கும். அம்மானைக் காய் மேலே போய் அதே கைக்குத் திரும்பும். ஊசலும் முன்னே போய்ப் பின்னே வந்து புறப்பட்ட இடத்தில் நிற்கும். ஆண்பிள்ளையின் சிற்றில் என்பதோ அவன் கட்டும் வீடன்று. சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைப்பதுதான் அவன் ஆட்டம். சிதைக்காதே என்று கெஞ்சுவது சிறுமியர் பங்கு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் அந்தக் கெஞ்சல் ஒரு பதிகமாகவே நிற்கிறது. பக்தியின் உச்சம் அது என்பதை அறிவேன், வணங்குகிறேன். ஆனால் ஒரு சிறுமியின் ஆட்டத்தைக் கலைப்பதே ஒரு சிறுவனின் ஆட்டம் என்பதை நாம் எத்தனை நூற்றாண்டு எவ்வளவு இனிமையாகப் பாடியிருக்கிறோம்!

பந்தாட்டத்துக்கு வாருங்கள். இளங்கோவடிகள் வாழ்த்துக் காதையில் கந்துகவரி வைத்தார். கொங்குவேளிர் பெருங்கதையில் ‘பந்தடி கண்டது’ என்று ஒரு பகுதியே வைத்தார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஏனென்றால் அங்கே எண்ணிக்கை இருக்கிறது. ஒருத்தி இத்தனை கை அடித்தாள், அடுத்தவள் அவளை மிஞ்சினாள், அதற்கடுத்தவள் அவளையும் மிஞ்சினாள் என்று போட்டி வளர்கிறது. எண்ணிக்கை இருந்தால்தான் அது போட்டி. வென்றவள் யார் என்று தெரிந்தால்தான் அவள் வீராங்கனை. நம் பழைய நூல்களுக்குள் பெண் விளையாட்டைப் போட்டியாகக் கண்ட அபூர்வமான இடம் அது. ஆனால் அந்தப் போட்டி எங்கே போய் முடிகிறது? மானனீகை பந்தடிப்பதைக் கண்ட உதயணன் அவள்மேல் காதல் கொள்கிறான். கதை பந்தைக் கீழே போட்டுவிட்டு அவன் பின்னால் போய்விடுகிறது.

குற்றாலக் குறவஞ்சியில் எண்ணிக்கையும் இல்லை. வசந்தவல்லி பந்தடிக்கும் பாட்டின் சந்தம் பந்தைப் போலவே துள்ளும். திரிகூடராசப்பக் கவிராயரின் செவிக்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பாட்டை எத்தனை முறை படித்தாலும் பந்து எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியாது. வளையல் எங்கே, இடை எங்கே, கூந்தல் எங்கே என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

என் உறுத்தல் இதுதான் ஐயா. ஆடுகிற பெண்ணைக் கண்டால் ஆட்டத்தைப் பார்க்காமல் உடலைப் பார்க்கும்படி நம் கண்ணைப் பழக்கியதில் கவிதைக்கும் பங்குண்டு. வியந்து பார்த்தாலும் அது உடலைப் பார்ப்பதுதான். அதே கண்தான் ஒரு நாள் ஐயத்தோடும் பார்க்கும். அப்படிப் பார்த்த கதையைச் சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கதை.

கத்தக்குறிச்சி என்ற சிற்றூர். பெற்றோர் செங்கற்சூளைக் கூலிகள், ஒடுக்கப்பட்ட சமூகத்தார். மகள் சாந்தி சௌந்தரராஜன். ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டுத் தோகாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதே 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி மீண்டும் வெள்ளி.

இந்த 800 மீட்டருக்கே ஒரு முன்கதை உண்டு. மகளிர் இந்தத் தொலைவை ஒலிம்பிக்கில் முதன்முதல் ஓடியது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 நொடியில் வென்றார். ஓடியவர் ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பெண்கள் பாதியிலே சுருண்டு விழுந்தார்கள், காணச் சகிக்கவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. ஓடி முடித்த எவரும் மூச்சு வாங்குவார்; தரையில் சாய்வார். ஆண் சாய்ந்தால் அது முயற்சி, பெண் சாய்ந்தால் அது பலவீனம். அந்த ஓட்டத்தை மகளிர்க்கு ஆகாது என்று எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960இல், ரோமில். 32 ஆண்டுகள்! அன்று பெண்ணுடல் இந்த ஓட்டத்துக்குப் போதாது என்று தடுத்தார்கள். 2006இல் என்ன சொன்னார்கள் என்பதைக் கேளுங்கள்.

ஓட்டம் முடிந்த பிறகு சாந்தியைச் சோதனைக்கு அழைத்தார்கள். ஊக்கமருந்துச் சோதனையன்று, பெண்தானா என்ற சோதனை. அதில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவர்க்கும் அவர்க்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டிய சேதி செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. அவர் எதையும் ஏமாற்றவில்லை, எதையும் உட்கொள்ளவில்லை. பெண்ணாகப் பிறந்ததாக வளர்க்கப்பட்டு, பெண்ணாகப் பள்ளிக்குப் போய், பெண்ணாக ஓடியவர். சிலருக்குப் பிறவியிலேயே மரபணுவும் சுரப்பிகளும் புறத்தோற்றமும் ஒன்றோடொன்று ஒத்துவராமல் அமைவதுண்டு. அவர்களே அறியாமல் வாழ்ந்து முடிப்பாரும் உண்டு. சாந்தி வென்றதால்தான் அவர் உடல் கேள்விக்கு உள்ளானது. எட்டாவதாக வந்திருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அந்நாள்களில் அவரைக் குறித்துப் புழங்கிய சொற்களை நான் இங்கே திருப்பிச் சொல்ல மாட்டேன். தமிழ்ச் சொற்கள்தாம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே, ஆண் என்றும் பெண் என்றும் நேராக வகைப்படாதாரை எண்ணிப் பார்த்திருக்கிறார். அவர்களுக்கெனத் தனியான ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளே உரியன என்று விதி செய்தார். திணையை விட்டு வெளியே தள்ளவில்லை. இலக்கணம் கொடுத்த இந்த மரியாதையைச் செய்தி எழுதியவர்கள் கொடுக்கவில்லை. சாந்தியோ தன்னைப் பெண் என்று அறிந்தவர். அவருக்கு வேண்டியிருந்தது பெண்பால் ஈறு ஒன்றுதான்.

அன்றைய முதல்வர் கலைஞர் கருணாநிதி, சோதனைச் செய்தி வெளியான பின்னும் அறிவித்த 15 இலட்சம் ரூபாயை அவருக்கு அளித்தார். அது ஓர் அரசு செய்யத்தக்க செயல். பதக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக்கொடுத்தார். 2012இல் அவர் செங்கற்சூளையில் நாட்கூலிக்கு வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. பெற்றோர் நின்ற அதே சூளைத் தொழில். அதன் பிறகே பலரும் விழித்தார்கள். பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயம் படித்தார். தோகாவுக்குப் பத்தாண்டு கழித்து அரசின் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார்.

சோதனையின் வரலாறு நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர் முன் நிறுத்தினார்கள். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் ஸ்பெயினின் மரியா ஹோசே மார்ட்டினெஸ் பத்தீனோ அதில் தள்ளப்பட்டு, போராடி, 1988இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். அனைவரையும் சோதிக்கும் முறையை 1999இல் ஒலிம்பிக் குழு கைவிட்டது. ஐயம் எழுந்தால் சோதிக்கலாம் என்பது மட்டும் தங்கிவிட்டது. அந்த ஐயம்தான் சாந்தியைப் பிடித்தது. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவைப் பிடித்தது. 2014இல் ஒடிசாவின் துத்தீ சந்தைப் பிடித்தது. துத்தீ விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் மன்றம் விதியை நிறுத்திவைத்தது. 2016இல் அவர் ரியோவில் ஓடினார். சாந்திக்கு அப்படி வழக்குத் தொடுக்கத் துணை நின்றவர் எவருமில்லை. 2018இல் 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்குப் புது விதி வந்தது; நம் 800 மீட்டர் அதற்குள் நடுவில் நிற்கிறது. 2025 செப்டம்பர் முதல் நாளிலிருந்து உலகத் தடகள அமைப்பு, மகளிர் பிரிவில் உலகத் தரப் போட்டிகளில் ஓட விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒருமுறை மரபணுச் சோதனை என்று வைத்துவிட்டது.

மகளிர்க்கெனத் தனிப் பிரிவு வேண்டும், அதில் போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தப் பிரிவு இல்லாவிட்டால் பெண்களுக்கு மேடையே இல்லை. எல்லையை எங்கே போடுவது என்பதில் அறிவியலாருக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. நான் தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையவளல்லேன். ஆனால் எல்லை எங்கே இருந்தாலும், கூலிக்காரர் வீட்டு மகள் ஒருத்தியின் உடற்செய்தியை ஊரறியத் தெருவில் கொட்டியது எந்த நியாயத்திலும் சேராது. இதற்கு அறிவியல் தேவையில்லை.

பக்கத்து நிலவரத்தைச் சொல்லாமல் போனால் இருட்டையே காட்டினேன் என்பீர்கள். நமக்குத் தெற்கே கடலூரைப் பாருங்கள். இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்ப் பெண். தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். தமிழக மகளிர் அணி 2018இல் முதன்முறையாகத் தேசியக் கால்பந்துப் பட்டம் வென்றது. 2023இல் மீண்டும் வென்றது. இந்த இரண்டு வெற்றிகளையும் பற்றி இவ்வவையில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள். துணைத்தலைவி கார்த்திகா, சென்னைக் கண்ணகி நகர்ப் பெண். ஊரை விட்டுப் பெயர்த்தெடுக்கப்பட்ட ஏழைகளைக் கொண்டு குடியமர்த்திய நகருக்குக் கண்ணகி என்று பெயர் வைத்தவர் யாரோ, வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது; நீதி கேட்டுத் தலைநகருக்குப் போனவள் பெயரல்லவா!

ஆனாலும் கபடியின் கணக்கு நேராகவில்லை. ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990இல் நுழைந்தது. பெண்கள் கபடிக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொழில்முறைக் கபடியில் ஆண்களுக்கு 2014 முதல் கோடிக்கணக்கில் ஏலம் நடக்கிறது. பெண்களுக்கு 2016இல் மூன்று அணிகளை வைத்து ஒரு தொடர் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு அது இல்லை. பார்க்க ஆளில்லை என்பது சொல்லப்படும் காரணம். பார்க்கக் கற்றுத் தந்தால்தானே பார்ப்பார்கள்!

கற்றுத் தரும் வேலையில் பாதி நம்முடையது. பெண் ஓடினால் மான் என்றும், குதித்தால் மயில் என்றும் எழுதும் பேனாவை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நம் வட்டத்தின் பழைய மலர்களிலும் உண்டு. ஓடுகிறவள் மானில்லை ஐயா. முதல் சுற்றில் எத்தனை நொடி ஆயிற்று, இரண்டாம் சுற்றின் கடைசித் திருப்பத்தில் யாரைக் கடந்தாள், உள்வட்டத்தில் அடைபட்டபோது எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதியவர் நம்மில் எவருமில்லை. மட்டைப்பந்து ஆடும் பையனைப் பற்றி எழுதும்போது அவன் அடித்த பந்து எந்த மூலைக்குப் போனது என்று எழுதுகிறோம். அவன் இடையைப் பற்றி நாம் எழுதுவதில்லை.

மாணவர் கவிதைப் போட்டிக்கு இவ்வாண்டு தலைப்பை நான் தர வேண்டும் என்று செயலாளர் பணித்திருக்கிறார். தலைப்பு, ‘800 மீட்டர்’. ஓடுபவள் பெண். மரபானாலும் புதிதானாலும் உங்கள் விருப்பம். எண்சீர் விருத்தத்தில் இரண்டு சுற்று ஓட முடிந்தால் தனிப்பரிசு தரச் சொல்லி நான் பரிந்துரைப்பேன். நிபந்தனை ஒன்றே ஒன்று. கூந்தல், விழி, இடை, நடை, நிறம் ஆகியவை பாட்டுக்குள் வரக்கூடாது. எழுதுவதற்கு முன் உங்கள் ஊர்ப் பள்ளியில் ஓடும் பெண் ஒருத்தியைத் தேடிப் போய்ப் பேசுங்கள். மாலையில் போக வேண்டாம். அப்போது அவள் குழாயடியில் இருப்பாள். அனுப்ப வேண்டிய கடைசி நாளைச் செயலாளர் அறிவிப்பார்.